சுண்ணாம்புக்காட்டுக் குழி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. வரி நேராகப் போகாது. மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கும். எங்கே பெரிய 'ற' போடுவது, எங்கே சின்ன 'ர' போடுவது என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நாலாவது வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதிலும் முதல் இரண்டு வருஷம் தரையில் பரப்பிய ஆற்று மணலில் விரலால் எழுதியதுதான். மணலில் தப்பாக எழுதினால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும். காகிதத்தில் அதற்கு வழியில்லை. படிக்கிற நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் எங்கள் காட்டுக்கு ரிக் வண்டி வந்தது. கிணறு வற்றிக் கோடை பல ஆகிவிட்டதால், போர் போட்டே ஆக வேண்டும் என்று மகன் முடிவு செய்துவிட்டான். திருச்செங்கோட்டுப் பையன்கள் வந்து வண்டியை நிறுத்தி இரும்புக் குழாயை நிமிர்த்தினார்கள். அவர்கள் இஞ்சினை முடுக்குவதற்குள் நான் ஒரு லாரித் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு போய், கிணற்று மேட்டில் நிற்கிற கறிவேப்பிலை மரத்தின் அடியைச் சுற்றிப் போர்த்திக் கயிறு போட்டுக் கட்டினேன்.

"ஏனுங்கப்பா, மரத்துக்குக் குளிருதுங்களா?" என்றான் மகன். ரிக் பையன்கள் சிரித்தார்கள்.

"கெடக்கட்டும் போ" என்றேன்.

தண்ணீர் வந்தது. மகனுக்கு நல்ல சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் இன்னொன்றும் சொன்னான். ரிக் கக்கிய பொடி மலை மாதிரி குவிந்து கிடக்கிறது, ஆடி முடிந்ததும் டிராக்டரை விட்டு அதை அப்படியே பழைய கிணற்றில் தள்ளி மூடிவிடலாம், இனி அது எதற்கு என்று. எதிரே ஆள் நிற்கும்போது ஒரு விஷயத்தை விளக்கிச் சொல்வது எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. வாய் ஒட்டிக்கொள்ளும். எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்றுதான் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

ரிக் ஓடத் தொடங்கியதும் முதலில் செம்மண் பொடி பறந்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு வெள்ளை. மாடு, கொட்டகை, சோளத்தட்டுப் போர், பையன்களின் புருவம் எல்லாம் வெள்ளை. புழுதி அடங்கட்டும் என்று ஒருத்தன் ஒரு குடம் தண்ணீரை எடுத்து ஊற்றினான். அப்போது எழுந்தது அந்த வாசம். ஈரச் சுண்ணாம்பு வாசம். மற்றவர்களுக்கு அது பொங்கலுக்குச் சுவர் பூசுகிற வாசமாக இருக்கலாம். எனக்கு அது ஒரு குழியின் வாசம். என் கல்யாணம் ஒரு தடவை அந்தக் குழிக்குள் விழுந்தது.

அது ஜெர்மன் சண்டைக் காலம். மண்ணெண்ணெய் கிடைப்பது குதிரைக் கொம்பு. பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின. மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். நாமக்கல்லுக்கு மேற்கே எங்கள் ஊருக்கு வருகிற மேட்டில் பஸ் தள்ளித் தள்ளி எங்கள் ஊர் ஆட்களுக்குத் தோள் காய்த்துப்போயிருந்தது.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயதிருக்கும். அப்பா இல்லை. அம்மாவும் நானும்தான். ஒரு ஜோடி மாடு, ஒரு கூண்டு வண்டி, ஒரு மேட்டாங்காடு. மேட்டாங்காடு என்றால் மழையை நம்பியே கிடக்கிற மேட்டு நிலம். சோளமும் கம்பும் விதைப்போம். மழை வந்தால் விளையும். குடிதண்ணீருக்கு ஊர்ப் பொதுக்கிணறுதான். வீட்டிலிருந்து கிளம்பும்போது வெற்றிலை போட்டால், கிணற்றடியில் போய்த் துப்பலாம். அவ்வளவு தூரம்.

எனக்குப் பெண் பார்த்தது பரமத்தி வேலூரில். தாய்மாமன் பிடித்த பிடி அது. வேலூர் காவிரிக்கரை ஊர். கொடிக்கால், வாழை, கரும்பு என்று வருஷம் முழுக்கப் பச்சை. கொடிக்கால் தெரியும்தானே, வெற்றிலைத் தோட்டம். அந்த ஊர்க்காரர்கள் மேட்டாங்காட்டுக்குப் பெண் கொடுக்க மிகவும் யோசிப்பார்கள். "எம்பொண்ணு தண்ணி சொமந்தே கூனிப்போவா" என்பார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. என் அம்மாவுக்கே கூன் விழுந்துதான் இருந்தது. ஆனாலும் மாமன் பேசிப் பேசி, "காட்டை வந்து ஒருக்காப் பாக்கறம், அப்பறம் சொல்றம்" என்கிற வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

பெண்ணை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அதற்கு முந்தின ஆடிப் பதினெட்டுக்கு வேலூர் ஆற்றுக்குப் போயிருந்தேன். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோது கரையில் ஒரு பெண், ஆழத்துக்குப் போய்விட்ட தன் தம்பியைப் பார்த்து, "கரைக்கு ஏறுடா, இப்ப ஏறப்போறயா இல்லையா" என்று ஓர் அதட்டல் போட்டாள். அந்தக் குரல் அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தது. தம்பி ஏறவில்லை. நான் ஏறிவிட்டேன். ஏறி வேட்டியைப் பிழிந்துகொண்டு நிற்கும்போதுதான், அவள் என்னைச் சொல்லவில்லை என்பது உறைத்தது. யார் வீட்டுப் பெண் என்று மெல்ல விசாரித்தேன். மாமன் அதே வீட்டில் பேச்செடுத்தபோது எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஆகவே அந்தக் காடு பார்க்கும் நாள் எனக்கு எவ்வளவு பெரியது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பெண் வீட்டுக்காரர் காடு பார்க்க வருகிறார்கள் என்றால், முந்தின நாள் காட்டை ஓர் உழவு ஓட்டிப் போடுவோம். ஓட்டினால் அடி ஈரம் மேலே வந்து, நிலம் சிவப்பாக, பொலபொலவென்று பார்க்க நன்றாக இருக்கும். வரப்புக் கல்லைப் பொறுக்கிப் பக்கத்துக் காட்டு வேலியோரம் போட்டுவிடுவோம். அவர்கள் காட்டைப் பார்க்க ஆள் வரும்போது அந்தக் கல் எல்லாம் திரும்பி இந்தப் பக்கம் வந்துவிடும். எல்லாருக்கும் தெரிந்த கதைதான். பார்க்க வருகிறவர்களும் தங்கள் ஊரில் அதையே செய்தவர்கள்தான்.

எங்கள் காட்டுக்கு இந்த வேலை ரொம்பவே தேவை. மேலே ஒரு சாண் செம்மண். அதற்குக் கீழே சுக்காங்கல், அதாவது சுண்ணாம்பு உறைந்து கட்டியாகிப்போன வெள்ளை மண். கலப்பை அதைத் தொட்டால் கீச்சென்று கத்தும். ஆழமாக உழாமல் மேலோடு ஓட்டு என்று அம்மா வரப்பிலேயே நின்று பார்த்துக்கொண்டாள். ஓட்டி முடித்ததும் காடு புதுப்பெண் மாதிரி இருந்தது.

அன்று மத்தியானமே காலேஜ் பையன்கள் வந்துவிட்டார்கள்.

விவசாயம் படிக்கிற பையன்கள். சர்வகலாசாலைப் பரீட்சைக்காகப் பலவகைப் பூமியை நேரில் பார்த்து, மண் எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம். சேலத்துக்கு ரயிலில் வந்து, பெட்ரோல் இல்லாததால் அங்கிருந்து வாடகை மாட்டு வண்டியில் ஊர் ஊராக வந்திருக்கிறார்கள். எங்கள் ஊர் மேட்டில் அவர்கள் வண்டி மாட்டுக்குக் கால் பிசகிவிட்டது. காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரைக்கும் பூட்சு. கூட ஒரு வாத்தியார், சன்னமான மனுஷர், தலையில் வெள்ளைக்காரத் தொப்பி. ஆனால் பேச்சு நம் வீட்டுப் பெரியவர் பேசுகிற மாதிரி.

"ஏம்ப்பா, உன் நிலத்திலே ஒரு குழி வெட்டிப் பார்க்கலாமா? உனக்குச் சிரமமா இருந்தா வேண்டாம்" என்றார்.

இவ்வளவு மரியாதையாக யாராவது கேட்டால் என்னால் எப்படி முடியாது என்று சொல்ல முடியும்? தலையை ஆட்டிவிட்டேன். ஏதோ ஓரத்தில் முழ ஆழம் தோண்டுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் புது உழவின் நட்டநடுவே, ஓர் ஆள் நிற்கிற ஆழத்துக்கு, சுவர் செதுக்கின மாதிரி நேராக வெட்டினார்கள். மேலே ஒரு சாண் சிவப்பு. அதன் கீழே முழுக்க வெள்ளை, பல் மாதிரி இளித்துக்கொண்டு நின்றது. ஒரு பையன் சின்ன சீசாவிலிருந்து திராவகத்தை ஒரு சொட்டு அந்த வெள்ளைமேல் விட்டான். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது.

வாத்தியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இத்தனை தெளிவா எங்கேயும் கிடைக்கலேடா. புஸ்தகத்திலே படம் போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

அம்மா எட்ட நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அவங்களுக்குப் புடிச்சுப்போச்சாமா? செரி, அவங்ககிட்டயே பொண்ணு கேளு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பொழுது சாய்ந்ததும் மூடலாம் என்று மண்வெட்டியோடு போனேன். ராகவன் என்று ஒரு பையன், தஞ்சாவூர்ப் பக்கம், நெட்டைக்கொக்கு மாதிரி இருப்பான், குழிக்கரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தான். "அண்ணே, மூடிடாதீங்க. ராசிபுரத்திலே தங்கிட்ட இன்னொரு செட்டு நாளைக்கு வந்து பார்க்கணும்" என்றான். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். அம்மா மண்வெட்டியைப் பார்த்தாள். உலக்கையை எடுத்துக் கம்பு குத்த ஆரம்பித்தாள். குத்தின குத்தில் உரல் தப்பித்தது பெரிது.

மறுநாள் விடிந்ததும் வேலூர்க்காரர்கள் வந்தார்கள். பெண்ணின் அப்பா, அவருடைய தங்கை ஒருத்தி, எங்கள் மாமன். பெண்ணின் அப்பா கறுத்து உயர்ந்த ஆள், தோளில் ஒரு துண்டு மட்டும். அவர் நேரே குழிக்குத்தான் போனார். ராகவன் அங்கேதான் இருந்தான். யார் கேட்டாலும் சொல்லிக்கொடுக்கிற ஆசை அவனுக்கு. "பாருங்கய்யா, மேலே இவ்வளவுதான் மண்ணு. கீழே பூரா சுண்ணாம்பு" என்று ஒரு சொட்டு விட்டுப் பொங்க வைத்தும் காட்டினான். என் மாமன் கண்ணை மூடிக்கொண்டார்.

பெண்ணின் அப்பா குழிக்குள் இறங்கினார். வெள்ளைச் சுவரைக் கையால் தடவினார். கொஞ்ச நேரம் அதில் சாய்ந்து நின்றார். ஏறி வந்தபோது கறுத்த முதுகு முழுக்க வெள்ளை. அதைத் தட்டிவிடச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பிடித்திருந்தால் கை நனைப்பார்கள், அதாவது சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பிடிக்காவிட்டால் ஒரு வாய் மோரோடு எழுந்துவிடுவார்கள். அம்மா பருப்புச் சோறு, கத்திரிக்காய்க் குழம்பு எல்லாம் ஆக்கி வைத்திருந்தாள். அவர் ஒரு சொம்பு மோரை அண்ணாந்து குடித்தார். "சொல்லியனுப்பறமுங்க" என்றார். முதுகில் எங்கள் காட்டு வெள்ளையோடு நடந்து போனார். அந்த முதுகு பஸ் மேட்டில் இறங்கி மறைகிற வரைக்கும் அம்மா வாசலில் நின்றாள். பிறகு குழம்பைப் பையன்களுக்குப் பரிமாறினாள்.

அதற்கு அடுத்த நாள் பையன்களுக்கு வண்டி வேண்டியிருந்தது. நானே மாட்டைப் பூட்டினேன். வீட்டில் அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட எங்கேயாவது போய்விடலாம் என்று இருந்தது. எங்கே போகிறோம் என்று கேட்கவுமில்லை. தெற்கே என்றார்கள். சரி என்றேன்.

வண்டிக்குள் முழுக்க மண் மூட்டைகள். சின்னச் சின்னத் துணிப்பைகளில் கட்டி, ஊர் பெயர் எழுதின துண்டு வைத்துத் தைத்திருந்தார்கள். சேலத்தில் வெள்ளைக்கல் மலையடி மண், தொட்டால் மாவு மாதிரி ஒட்டும். அயோத்தியாப்பட்டணத்துச் செம்மண். மேச்சேரி மண் பாதி கல். மேச்சேரியில் குழி வெட்டி முடித்து ஏறினபோது ஓர் ஆட்டுக்குட்டி உள்ளே விழுந்து, அதைத் தூக்க இறங்கின பையனை அதன் தாய் முட்டித் தள்ளியதாம். வாத்தியார்கூட அதைச் சொல்லிச் சிரித்தார். எங்கள் காட்டு மண் மூட்டை கடைசியில், என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அது என்னை இடித்தது.

வழியில் ஒரு கரிசல் காட்டில் இறங்கி மண் எடுத்தார்கள். முந்தின வாரத்து மழை ஈரம் காயவில்லை. ராகவனின் பூட்சை மண் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. காலை உருவிக்கொண்டு வந்து, பிறகு பூட்சைப் பிடுங்கினோம். மத்தியானம் ஆரியக் களி, அதாவது கேழ்வரகுக் களி. தஞ்சாவூர்ப் பையன் அதை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தான். "மெல்லாதீங்க தம்பி, முழுங்கோணும்" என்றேன். அவனிடம் நானாகப் பேசின முதல் பேச்சு அதுதான்.

அதற்குப் பிறகு அவன் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தான். "அண்ணே, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டான்.

"ஆகறதாத்தான் இருந்துதுங்க. உங்க குழியில உழுந்துபோச்சு."

எப்படி வந்ததோ வாயில். முழுக் கதையையும் அவன் பிடுங்கிவிட்டான். கேட்டு முடித்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று. பிறகு, "அந்தப் பெரியவர் கால்லே விழுந்தாவது நான் சொல்றேண்ணே. அவர் எந்த ஊரு?" என்றான்.

"வேலூரு."

"நாம அங்கேதானே போறோம்" என்றான்.

மாட்டை நிறுத்திவிட்டேன். ஆனால் நடுரோட்டில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போக முடியுமா? வாத்தியார் உள்ளே தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குகிறார். ஊர் பெரியதுதானே, எத்தனையோ கொடிக்கால் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஓட்டினேன். ஊர் மணியகாரர் ஆள் விட்டு வழி காட்டினார். வாய்க்கால் ஓரமாகப் போய், ஒரு தோட்டத்து முன்னால் "இதுதானுங்க" என்றான் அந்த ஆள். உள்ளே ஓரத்தில் நின்றிருந்தது எங்கள் காடு பார்க்க வந்த அந்தத் தங்கை, அதாவது பெண்ணின் அத்தை. நான் வண்டியை விட்டு இறங்கி மாட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

கொடிக்காலுக்குள் செருப்புக் காலோடு போகக்கூடாது. போனால் கொடி அழுகிவிடும் என்பார்கள். எங்கள் மேட்டாங்காட்டில் கொடிக்கால் இல்லாவிட்டாலும் இது எல்லாருக்கும் தெரியும். பையன்களுக்குத் தெரியவில்லை. பூட்சும் கரிசல் மண்ணுமாகத் திமுதிமுவென்று உள்ளே போனார்கள்.

"அங்கயே நில்லுங்க."

ஆற்றில் கேட்ட அதே குரல். பையன்கள் நின்றார்கள். மாட்டுக்குப் பின்னால் நானும் ஆடாமல் நின்றேன். அகத்தி மரங்களுக்கு நடுவிலிருந்து மடி நிறைய வெற்றிலையோடு அவள் வந்தாள். "செருப்பே போடக்கூடாது. இவுங்க லாடத்தைக் கட்டிட்டு வந்திருக்கறாங்க" என்றாள். வாத்தியார்தான் முதலில் உட்கார்ந்து பூட்சைக் கழற்றினார். "தப்புதாம்மா" என்றார். பையன்கள் வரிசையாக உட்கார்ந்து கயிறு அவிழ்த்தார்கள். அவள் பார்வை வெளியே வந்து, மாட்டுத் திமிலுக்கு மேலே தெரிந்த என் தலையில் நின்றது.

"ஏனுங்க வண்டிக்காரரே, அவுங்களுக்குத்தான் தெரியாது. உங்களுக்குமா தெரியாது? சொல்லக்கூடாதுங்களா?"

அத்தை கையை நெற்றிக்கு வைத்து உற்றுப் பார்த்தாள். "அடி நல்லாயி, அது வண்டிக்காரரில்ல. சுண்ணாம்புக்காட்டு மாப்பிள்ளை" என்றாள். வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். "நம்மகிட்ட வெத்தலை இருக்குது, சுண்ணாம்புக்கு எங்க போறதுன்னு இருந்தம்" என்றாள் ஒருத்தி. நல்லாயி மட்டும் சிரிக்கவில்லை. மடியை இறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கொடிக்கு நடுவே குழி வெட்ட முடியாது என்பதால், வாய்க்கால் ஓரத்துக் காலி இடத்தில் வெட்டினார்கள். எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. யார் கண்ணிலும் படாத இடம் குழிதான் என்று, மண்வெட்டியை வாங்கிக்கொண்டு நானே உள்ளே இறங்கினேன். வெட்ட வெட்டக் கறுத்த வண்டல், ஒரு கல்லில்லை. சல்லடையில் சலித்த மாவு. என் கழுத்து மறைகிற ஆழத்திலும் அதே மண், இன்னும் கொஞ்சம் குளிர்ச்சியாக. மழை பெய்யாமலேயே மழை வாசம் வந்தது. இந்த மண்ணில் நடந்த காலைப் போய் எங்கள் சுக்காங்கல்லுக்குக் கேட்டோமே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. பையன்கள் மேலே வந்த மண்ணை மூட்டை கட்டப் போய்விட்டார்கள். நான் ஏறாமல் உள்ளேயே நின்றேன்.

"ஆரு உள்ள?"

"நானுங்க."

பெண்ணின் அப்பா. குனிந்து பார்த்துவிட்டுக் குழிக்கரையில் குந்தினார். மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளினார்.

"உங்க காட்டைப் பாத்துட்டு வந்ததுலருந்து எங்கூட்ல இதே பேச்சுத்தான் தம்பி. நானும் எத்தனையோ காடு பாத்திருக்கறன். எல்லாரும் மேலால ஓட்டி மினுக்கித்தான் காட்டுவாங்க. கீழ இருக்கறது இதுதான், பாத்துக்கங்கன்னு நடுக்காட்டுல குழி வெட்டிக் காட்டுன ஆளை நான் பாத்ததில்ல. அதுக்குப் படிச்ச பையனை வேற கொண்டாந்து, சுண்ணாம்பு பொங்குது பாருங்கன்னு சொல்ல வெச்சிருக்கறீங்க. மண்ணைப் பாத்தா மனசு வேண்டாங்குது. மனுசனைப் பாத்தா வேணுங்குது. என்ன பண்றதுன்னு எனக்கு ஒன்னும் புடிபடல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, குழியை நானே வெட்டிக் காட்டியதாக அவர் நினைத்திருக்கிறார். எனக்கோ பேச வராது. பேசாமல் இருந்தாலே போதும், எல்லாம் கூடி வந்துவிடும். பிறந்ததிலிருந்து என்னைக் கெடுத்த கூச்சம் அன்று ஒரு நாள் எனக்கு நல்லது செய்யக் காத்திருந்தது. பார்த்து அன்றைக்கென்று என் வாய் திறந்துகொண்டது.

"அது நான் வெட்டலீங்க. இவுங்க வெட்டுனது. படிப்புக்கு."

கிள்ளின நரம்பு அவர் கையிலேயே நின்றது. "அப்ப நாங்க வர்றதுக்குள்ள மூடிப்போட்டிருக்கலாமல்லோ?"

"மூட வேண்டாம்னு சொன்னாங்க."

"ஆரு?"

கையை நீட்டினேன். ராகவன் வெறுங்காலில் நெருஞ்சி முள் தைத்து ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தான்.

"அந்தப் பொடியனா? பொண்ணூட்டுக்காரங்க வர்ற அன்னிக்கு, அவன் சொன்னான்னு குழியைத் தொறந்து வெச்சிருந்தீங்களா?"

"ஆமாங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வெற்றிலை புரையேறும் வரைக்கும் சிரித்தார். "எம்பொண்ணு வாய் ஆத்துக்கு அக்கரை வரைக்கும் கேக்கும். சொன்னதைக் கேக்கற ஒருத்தனாக் கெடைக்கோணும்னு அவங்கம்மா வேண்டாத சாமி இல்ல" என்றார். அவள் சொன்னதைக் கேட்டு ஆற்றிலிருந்து நான் ஏற்கெனவே ஒரு தடவை ஏறியிருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். வரவில்லை.

"சிரிச்சது போதும். தண்ணிக்கு என்ன வழின்னு கேளுங்க" என்று அகத்திக்குப் பின்னாலிருந்து ஓர் அம்மாள் குரல். சிரிப்பு நின்றுவிட்டது. "பொதுக் கெணறுதானுங்க. தூரந்தான்" என்றேன். அதைக் குறைத்துச் சொல்லத் தெரியவில்லை. வாய்க்கால் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் அப்போது பிடிக்கவில்லை.

அத்தை வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தாள். "அந்தக் குழியை மூடிட்டீங்களான்னு கேக்கறா புள்ள."

"இன்னும் இல்லீங்க."

போனாள். முணுமுணுப்புக் கேட்டது. திரும்பி வந்தாள். "மூட வேண்டாங்கறா. அப்படியே கீழ வெட்டிட்டுப் போனாக் கெணறுதானேங்கறா. வருசம் எத்தனை ஆனாலுஞ் செரி, வெட்டறதா இருந்தா வாரேங்கறா."

"செரிங்க" என்றேன். நான் அவளுக்குக் கொடுத்த முதல் வாக்கு அதுதான், அத்தை மூலமாக.

"மேல ஏறி வந்து கையைக் கழுவுங்க. எலை போட்டாச்சு" என்றார் என் மாமனார்.

அன்று அந்த வீட்டில் நான் கை நனைத்தேன். வாத்தியாரும் பையன்களும் கூட. ராகவன் என்னைவிட அதிகம் சாப்பிட்டான். மறுநாள் அவர்களைக் கரூர் ரயிலுக்கு ஏற்றிவிடப் போனேன். மூட்டைகளை மரப்பெட்டியில் அடுக்கும்போது எங்கள் காட்டு வெள்ளை மூட்டையையும் வேலூர் வண்டல் மூட்டையையும் ராகவன் ஒன்றாக வைத்தான். "இது ரெண்டும் உங்களுக்கு முந்தியே சேர்ந்து ஊருக்குப் போகுதுண்ணே" என்றான். அவனை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அந்தக் குழிதான் எங்கள் கிணறு. வெள்ளாமை இல்லாத மாதங்களில் நான் கடப்பாரை போட, அவள் கூடையில் வாங்கி மேலே கொட்டுவாள். ஊர் எங்களைச் சுண்ணாம்புக்கிணற்றுக்காரர்கள் என்றே கூப்பிட்டது. மூத்தவன் தவழுகிற வயதில் தண்ணீர் கண்டோம். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. பானையில் வெள்ளை படியும். ஆனால் அம்மா அதற்குப் பிறகு ஒரு நாளும் பொதுக்கிணற்றுக்கு நடக்கவில்லை.

கல்யாணத்துக்கு வந்த சீரோடு நல்லாயி ஒரு பனங்கூடை வண்டலும் கொண்டுவந்திருந்தாள். மண்ணைச் சீராகக் கொண்டுவந்த பெண் என்று கேலி நடந்தது. எங்கள் மண்ணில் கறிவேப்பிலை வைத்தால் மஞ்சளித்துப்போகும் என்று ராகவன் அவளிடம் சொல்லியிருக்கிறான். அதற்காகத்தான். கிணற்று மேட்டில் அதைக் கொட்டிச் செடி வைத்தாள். பிறகு ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும் பிறந்த வீட்டுக்குப் போய் வரும்போது ஒரு கூடை கொண்டுவந்து அதன் அடியில் போடுவாள். பஸ்ஸில் கண்டக்டர் முறைப்பான். "என்னம்மா, காவேரியவே தூக்கிட்டுப் போறயா" என்பான்.

அவள் போய் இரண்டு தை ஆகிவிட்டது. இன்று காலை பனங்கூடையை எடுத்துக்கொண்டு நானே வேலூருக்குப் போனேன். கொடிக்கால் இல்லை. ஆற்றில் கரைக்கு ஏறாத அந்த மச்சினன்தான் இப்போது உரிமைக்காரன். மண்ணைச் சூளைக்கு விற்றுவிட்டான். நான் நின்ற அந்தக் குழியின் ஆழத்துக்குத் தோட்டம் முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். அடி மணல்தான் கிடக்கிறது. "மண்ணு எங்கீங்க மாமா இருக்குது, செங்கல்லு வேணும்னா எடுத்துக்கங்க" என்றான். ஒன்று எடுத்து வந்தேன்.

வந்து தார்ப்பாயை அவிழ்த்தேன். காடு முழுக்க வெள்ளையாகக் கிடக்க, மரத்தடியில் மட்டும் ஒரு முறத்தளவு கறுப்பு. எனக்குத் தெரிந்து அந்தக் கொடிக்கால் மண்ணில் மிச்சம் இருப்பது அவ்வளவுதான். செங்கல்லை அதன் பக்கத்தில் வைத்தேன். மகன் பார்த்தால் இதற்கும் ஏதாவது கேட்பான்.

கேட்டால் இந்தக் காகிதத்தைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். டிராக்டர் வருவதற்குள் அவன் படித்துவிட வேண்டும். அந்தக் குழியை மூட வேண்டாம் என்று அவன் அம்மா சொல்லியிருக்கிறாள்.

எழுதி முடித்தது: ஆடி மாதம் பதினெட்டாம் தேதி, சாயங்காலம்.